நூற்றைம்பது பைட்

பிப்ரவரி 27, வியாழன்

காலையில் மோட்டார் ஓடவில்லை. சங்கரி பக்கத்து வீட்டில் போய் நான்கு குடம் பிடித்து வந்தாள். நான் போகவில்லை. அந்த வீட்டுக்காரர் என் கல்லூரியில்தான் வேலை பார்க்கிறார். பொருளியல் துறைத் தலைவர் பதவி என்னிடம் படித்த செல்வினுக்குப் போனதைப் பற்றி, பார்க்கும்போதெல்லாம் என்னிடம் வருத்தப்படுவார். அந்த வருத்தத்துக்குள் இருக்கும் சந்தோஷம் எனக்குத் தெரியும்.

விடிகாலை 5.40க்கு, வழக்கம்போல், சுகிர்தாவின் பதிவு வந்திருந்தது. அவள் ரயில்வே கேட் கீப்பர். இங்கிருந்து நாற்பது கிலோமீட்டரில், கேட் எண் 417. கணவர் டிராக்மேன், அவர் இறந்தபின் வாரிசு வேலையாக வந்தது. கேட் மூடியிருக்கும்போது காத்து நிற்பவர்களைப் பற்றி மட்டும் எழுதுகிறாள். வலைப்பக்கத்தின் பெயரே 'கேட் மூடியிருக்கிறது'. வாரம் ஒன்று. வியாழக்கிழமை ஷிப்ட் முடியும் நேரம்தான் அந்த 5.40.

நாங்கள் பதின்மூன்று பேர். ஆளுக்கு ஒரு சொந்த வலைப்பக்கம். விளம்பரம் கிடையாது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் கிடையாது. எல்லாம் சேர்ந்து வாடகைக்கு எடுத்த ஒரே சர்வரில் இருக்கிறது. யார் புதிதாக எழுதினாலும் 'அடுத்த வீடு' என்ற எங்கள் திரட்டிப் பக்கத்தில் ஒரு வரி வந்து விழும். காபியோடு அதைத் திறந்து, தூத்துக்குடி ஜெரால்டு ராத்திரி எந்தக் கடையில் என்ன தின்றான், மேலப்பாளையம் நூருல்லா பாய் எந்தப் பழைய ரேடியோவுக்கு உயிர் கொடுத்தார் என்று படிக்கும் அரை மணி நேரத்தில், எனக்கு இந்த உலகத்தில் யார்மேலும் கோபம் இருப்பதில்லை. கட்டின மனைவி சங்கரியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

சர்வரின் சாவி, அதாவது நிர்வாகக் கடவுச்சொல், என்னிடம். ஒன்பது வருடமாக. முதல் சந்திப்பில் ஒரே ஒரு விதி போட்டோம்: வெளியிடாததைச் சாவி வைத்திருப்பவன் படிக்கக் கூடாது. நான் படித்ததில்லை. கல்லூரி எனக்குத் தர மறுத்த மரியாதையை இவர்கள் கேட்காமலேயே தந்தார்கள்.

மாலையில் சுகிர்தா போன் செய்தாள்.

"சார், ஒரு விஷயம். இன்னும் யாருகிட்டயும் சொல்லல. நான் எழுதுனதயெல்லாம் புக்கா போடுறோம்னு கேக்காங்க."

எந்தப் பதிப்பகம் என்று கேட்டேன். சொன்னாள். என் தானிய வணிக வரலாற்றை மூன்று வருடம் வைத்திருந்து, 'எங்கள் பட்டியலுக்குப் பொருந்தவில்லை' என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பிய அதே பதிப்பகம்.

"முன்னுரை நீங்கதான் எழுதணும் சார். நீங்க இடம் குடுக்கலேன்னா நான் எழுதியிருக்கவே மாட்டேன்."

"பாக்கலாம்மா" என்றேன்.

எலக்ட்ரீஷியன் ஆறரைக்கு வந்தான். கண்டென்சர் போய்விட்டதாம்.

மார்ச் 2, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு. வருகைப் பதிவு. இது எங்கள் பழக்கம்: முறை வைத்து ஒருவர் தன் பக்கத்தில் 'மார்ச் மாத வருகைப் பதிவு' என்று போடுவார், மற்றவர்கள் வந்து பின்னூட்டத்தில் 'உள்ளேன் ஐயா' என்று எழுதிவிட்டுப் போக வேண்டும். விளையாட்டாக ஆரம்பித்தது. வருவது நின்றால் தேடிப் போவோம் என்பதுதான் அதன் உள்ளர்த்தம்.

இந்த மாதம் நூருல்லா பாயின் முறை. ஜெரால்டு: "உள்ளேன் ஐயா. உள்ளே இட்லியும் உள்ளது." சுகிர்தா: "உள்ளேன் ஐயா. மைசூர் எக்ஸ்பிரஸ் போகட்டும், கேட்டைத் திறந்துட்டு வந்து கும்மி அடிக்கிறேன்." அவள் பின்னூட்டத்துக்கு மட்டும் பதினாறு பதில். என்னுடையதற்கு ஒன்று. அதுவும் அவளுடையது.

மார்ச் 3, திங்கள்

கோபத்தில் ஒரு சின்னக் காரியம் செய்தேன். எழுதும் அளவுக்கு ஒன்றுமில்லை.

மார்ச் 4, செவ்வாய்

மூன்று வரிதான். பெயரில்லாமல் போட்டேன். பணி நேரத்தைப் பற்றி ஒரு கேள்வி. சம்பளம் வாங்குகிற ஒருவரிடம் கேள்வி கேட்பது குற்றமா? செல்வின் பற்றி நான் நிர்வாகத்திடம் கேட்ட கேள்விகளுக்கும் இப்படித்தான், கேட்டவன்தான் குற்றவாளி என்றார்கள்.

சுகிர்தா அனுமதித்தால்தான் அவள் பக்கத்தில் பின்னூட்டம் வெளியே தெரியும். அனுமதிக்க மாட்டாள். படிப்பாள், சிரிப்பாள், அழிப்பாள். அனானிகளைப் பார்க்காத பதிவர் உண்டா?

கேஸ் பதிவு செய்தேன். வெள்ளிக்கிழமை வருமாம்.

மார்ச் 6, வியாழன்

5.40க்குப் பதிவு வந்தது. கேட்டருகே வெள்ளரிப்பிஞ்சு விற்கும் அண்ணன் தம்பிகள் எதிரெதிரே கடை போட்டுப் பேசாமல் இருப்பதைப் பற்றி. நன்றாகத்தான் இருக்கிறது. நான் என்ன, நன்றாக இல்லை என்றா சொன்னேன்?

சர்வரில் எண்ணிக்கை மட்டும் எனக்குத் தெரியும்: ஒன்பது பேர் பின்னூட்டம் போட்டிருக்கிறார்கள். எதுவும் வெளியே தெரியவில்லை, அனுமதிக்காகக் காத்து நிற்கின்றன. அவள் மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிவிடுவாள். இன்று மாலை வரை இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

இன்னும் இல்லை. சிலிண்டரும் வரவில்லை.

மார்ச் 12, புதன்

சர்வரில் மாதாந்திரத் துப்புரவு. நகலெடுப்பது, பழைய குப்பையை நீக்குவது. நான் எதையும் தேடிப் போகவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன். நகலெடுக்கும்போது கோப்புகளின் பெயரும் அளவும் தானாகவே வரிசையாக ஓடும்.

சுகிர்தாவின் பக்கத்தில் ஏழு பதிவுகள் முன்தேதியிட்டுக் காத்திருக்கின்றன. மார்ச் 13, 20, 27, ஏப்ரல் 3, 10, 17, 24. எல்லாம் வியாழன். எல்லாவற்றுக்கும் 5.40. ஏழும் ஏற்றப்பட்டது ஒரே நாளில்: மார்ச் 4, மாலை 4.50க்கும் 5.35க்கும் நடுவே. 6ஆம் தேதி வந்த பதிவும் அதே மாலையில் ஏற்றியதுதான். அதற்குப் பிறகு அவள் உள்ளே வரவே இல்லை.

நான்கு வருடத்தில் அவள் ஒரு பதிவைக்கூட முன்தேதியிட்டதில்லை. ஷிப்ட் முடிந்து, கேட் அறை வாசலில் உட்கார்ந்து, சூடாறுமுன் போடுகிறவள்.

முதல் ஆறு கோப்புகளும் எட்டாயிரம், பத்தாயிரம் பைட். அவள் வழக்கமான நீளம். ஏழாவது 150 பைட்.

தமிழில் ஒரு குறிக்கு, எழுத்தோ கொம்போ புள்ளியோ, மூன்று பைட் பிடிக்கும். நூற்றைம்பது பைட் என்றால் ஐம்பது குறி. ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு சின்ன வாக்கியம்.

கடைசியாக ஒரே ஒரு வரி எழுதி, அதை ஏழு வாரம் தள்ளித் தேதியிட்டு வைத்துவிட்டுப் போகிறவர்கள் யார்?

துப்புரவை முடித்தேன். அவள் பக்கத்தில் தேங்கியிருந்த வேண்டாத பின்னூட்டம் ஒன்றும் அதோடு போயிற்று. வழக்கமான வேலைதான்.

இந்தக் குறிப்பேட்டை மட்டும் ஏன் காகிதத்தில் எழுதுகிறீர்கள் என்று சங்கரி கேட்டாள். இதற்கு இன்னொரு சாவி கிடையாது என்றேன். "பூட்டு போட்டு வைக்கிற மாதிரி என்ன எழுதுறீக?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் துணி எடுக்க மாடிக்குப் போனாள்.

மார்ச் 13, வியாழன்

ஐந்து மணிக்கே விழித்துவிட்டேன். 5.40க்குத் திரட்டியில் அந்த வரி வந்து விழுந்தது. திறக்கப் பயமாக இருந்தது. ஒன்பது வருடத்தில் முதல்முறை.

கல்யாண வேன் ஒன்று கேட்டில் மாட்டிக்கொண்ட கதை. எக்ஸ்பிரஸ் பன்னிரண்டு நிமிடம் தாமதம். மாப்பிள்ளையின் மாமா வந்து இவளிடம் சண்டை போடுகிறார், முகூர்த்தம் போகுது என்கிறார், பொம்பளைகிட்ட கேட்டைக் குடுத்தா இப்படித்தான் என்கிறார். மாப்பிள்ளை பட்டுவேட்டியோடு இறங்கி வந்து நிழலில் நிற்கிறான். 'பன்னிரண்டு நிமிடத்தில் அத்தனை பேரில் ஒருவர்கூட அவனிடம், உனக்குச் சந்தோஷமா தம்பி என்று கேட்கவில்லை. நான் கேட்டேன். தெரியலக்கா என்றான். ரயில் போனது. கேட்டைத் திறந்தேன்.'

ஜெரால்டு தன் பக்கத்தில் இதற்கு இணைப்புக் கொடுத்து, "இந்த வருஷத்தோட சிறந்த பதிவு, போட்டியே கிடையாது" என்று எழுதியிருக்கிறான். எல்லோரும் கொண்டாடுகிறார்கள். இதை எழுதியவள் மார்ச் 4ஆம் தேதி மாலையோடு எங்கே போனாள் என்று ஒருவனுக்கும் தெரியாது. பதிவு வருகிறது, அதனால் ஆள் இருக்கிறாள் என்று நினைக்கிறார்கள். வரிசையில் என்ன நிற்கிறது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

சொல்லலாம். சொன்னால் நூருல்லா பாய் கேட்பார்: மார்ச் 4க்கு முந்தி என்ன நடந்தது?

மார்ச் 20, வியாழன்

5.40. வந்தது. இன்னும் ஐந்து.

மார்ச் 22, சனி

செய்தித்தாளில் நான்காம் பக்கம், கீழே, எட்டு வரி. ரயிலில் அடிபட்டுப் பெண் பலி. வயது சுமார் நாற்பது. பச்சைப் புடவை. அடையாளம் தெரியவில்லை. எந்த இரண்டு நிலையங்களுக்கு நடுவே என்று போட்டிருந்ததோ, 417 அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

சுகிர்தாவுக்கு முப்பத்தொன்பது. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் இருக்கிறாள்.

அந்தப் பக்கத்தை மடித்து அலமாரியில் வைத்தேன். மத்தியானம் சங்கரி இஞ்சி காயப்போட அதைத்தான் எடுத்தாள். பிடுங்கினேன். "வேற பேப்பரா இல்ல வீட்டுல?" என்று கத்தினேன். அவள் இஞ்சியை முறத்தில் கொட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

மார்ச் 24, திங்கள்

அது வேறு யாரோ. பெயரும் ஊரும் இன்று போட்டிருக்கிறார்கள். யாரோ ஒருத்தி செத்துப்போனதை உறுதி செய்துகொண்டு, நிம்மதியாக உட்கார்ந்து இரண்டு தம்ளர் காபி குடித்தேன்.

கல்லூரியில் செல்வின் துறைக் கூட்டம் வைத்தான். "சார் சொன்னா சரியா இருக்கும்" என்று என் பக்கம் திரும்பிச் சொன்னான். என்ன கேட்டான் என்றே நான் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

வருகைப் பதிவு. ஜெரால்டின் முறை. காலை பத்து மணிக்குள் பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள், நானும் சேர்த்து. பதின்மூன்றாவது வரவில்லை.

ஜெரால்டு கீழே எழுதினான்: "கேட்டக்கா எங்கே? கேட்டை மூடிட்டுத் தூங்கிட்டாங்களா?"

ஒருவர்: "பதிவு வந்துகிட்டுதானே இருக்கு. மறந்திருப்பாங்க."

நான் எழுதினேன்: "பரீட்சை நேரம். மகளைப் பார்க்க வேண்டியிருக்கும்." எழுதி அனுப்பிய பிறகுதான் என் விரல்களைப் பார்த்தேன். எவ்வளவு சுலபமாக வருகிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

நூருல்லா பாய் போன். வாட்ச் ரிப்பேர் கடையில் இருந்து பேசினார், பின்னால் ஏதோ ஒரு பழைய ரேடியோ கொரகொரவென்று இருந்தது.

"சைலம் சார், சுகிர்தா தங்கச்சிக்கு நாலு நாளா அடிக்கேன். போன் ஆஃப்லயே இருக்கு. உங்களுக்கு ஏதும் தெரியுமா?"

"போஸ்ட் வருதே பாய்."

"போஸ்ட் வருது. ஆளு வரலியே சார்."

ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"நீங்க சர்வர்ல பாத்தா, எப்ப வந்து போட்டாகன்னு தெரியும்லா?"

"வெளியிடாததப் பாக்கக் கூடாதுன்னு விதி இருக்கே பாய்."

"விதி கெடக்கட்டும் சார். புள்ள உசுரோட இருக்கா இல்லையான்னு தெரியாண்டாமா?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என் ஒய்ஃபு மௌத்தானப்ப நான் மூணு மாசம் எழுதல. அந்தத் தங்கச்சிதான் பஸ்ஸு ஏறி வந்து கடை வாசல்ல நின்னுச்சு. உள்ளேன் ஐயான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க பாய், போயிருதேன்னுச்சு."

எனக்கு இது தெரியாது. இவ்வளவு வருடத்தில் யாரும் சொல்லவில்லை.

"நான் நேர்ல போய்ப் பாத்துட்டு வர்றேன் பாய்" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

ஏப்ரல் 12, சனி

பஸ்ஸில் ஒரு மணி நேரம், பிறகு ஷேர் ஆட்டோ. முழுத் தூரமும் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனேன். கேட்டில் அவள் நின்றால், சும்மா இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன் என்பது. நிற்காவிட்டால் என்பதற்கு எதுவும் யோசித்து வைக்கவில்லை.

கேட்டே இல்லை.

சாலை தண்டவாளத்துக்கு முன்னால் சரிந்து இறங்கி, அடியில் சுரங்கப்பாதையாக அந்தப் பக்கம் ஏறுகிறது. கான்கிரீட் இன்னும் வெள்ளையாக இருக்கிறது. கேட் இருந்த இடத்தில் தண்டவாளத்தை நட்டு வேலி. கேட் அறைக்கு வெளியிலிருந்து பூட்டு. சுவரில் 417 என்ற எண்ணைச் சுண்ணாம்பு அடித்து அழித்திருக்கிறார்கள், ஆனாலும் தெரிகிறது. அவள் உட்கார்ந்து எழுதும் வாசல்படியில் ஒரு நாய் படுத்திருந்தது.

வேப்பமரத்தடியில் ஒரு அம்மாள் நுங்கு சீவிக்கொண்டிருந்தாள். ஒன்று வாங்கினேன். கேட்டேன்.

"யாரு, கேட்டக்காவா? கேட்டத்தான் மார்ச்சு பத்தாந்தேதியோட மூடிட்டாகளே. நீங்க யாரு, சொந்தமா?"

"தெரிஞ்சவங்க."

"நல்ல பொம்பள. கடைசி ஒரு வாரம் ஆளே சரியில்ல. சோறு கொண்டாந்தா திங்காது. அந்தா, அந்தப் படியில உக்காந்து போனையே பாத்துகிட்டுக் கெடக்கும். என்னக்கான்னா, ஒண்ணுமில்ல, ஒருத்தர் லெட்டர் போட்டுருக்காருன்னுச்சு. கண்ணுல தண்ணி."

நுங்கைக் கீழே வைத்தேன்.

"பொறவு எங்க போனாங்க?"

"யாருக்குத் தெரியும்? போறதுக்கு முந்துன நாளு கொடைய எனக்குக் குடுத்துச்சு. டார்ச்சு லைட்ட அந்த வெள்ளரிக்காக்காரனுக்கு. இனி எனக்கு என்னத்துக்குன்னு சொல்லிட்டுப் போச்சு." அந்த அம்மாள் கத்தியைச் சேலையில் துடைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் வெயில்லயே நிக்குறீக? நெழலுக்கு வாங்க."

மரத்தில் ஒரு கறுப்புக் குடை தொங்கிக்கொண்டிருந்தது. கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. மூன்று வருடத்துக்கு முன் அந்த நூலைப் பற்றியும் ஒரு பதிவு எழுதியிருக்கிறாள்.

அப்போது ஒரு ரயில் வந்தது. யாரும் நிற்கவில்லை. நிற்க அங்கே எதுவும் இல்லை.

நூருல்லா பாய்க்கு, "மாற்றலாகிப் போயிருக்கிறார்கள், விசாரிக்கிறேன்" என்று செய்தி அனுப்பினேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

கோப்பு மாறியிருக்கிறது.

காலையில் மறுபடி பட்டியலை ஓடவிட்டேன். 24ஆம் தேதிக் கோப்பு 150 பைட் இல்லை. 9,640. கடைசியாக மாற்றப்பட்டது நேற்று, சித்திரை முதல் நாள், மாலை மூன்று மணி.

இருக்கிறாள்! எழுந்து நின்றுவிட்டேன். சமையலறைக்குப் போய், கைம்முறுக்கு சுற்றிக்கொண்டிருந்த சங்கரியின் தோளைத் தொட்டேன். "என்ன, பிரமோஷனா?" என்றாள். இல்லை என்று சிரித்தேன். நான் சிரித்து வெகுநாளாகிவிட்டதாம்.

அரை மணி நேரம்தான். பிறகு மேஜைக்கு வந்து உட்கார்ந்தபோது வேறு ஒன்று தோன்றியது. அவள் கடவுச்சொல்லோடு உள்ளே வந்தவள் அவள்தான் என்று எப்படித் தெரியும்? மகளாக இருக்கலாம். அண்ணனாக இருக்கலாம். ஒரு போனைக் கையில் எடுத்து, கடைசியாக இவளுக்கு யார் என்ன எழுதினார்கள் என்று பார்க்கிற போலீஸ்காரராக இருக்கலாம்.

அவளேதான் என்றாலும், ஒரு வரியாக இருந்தது நான்கு பக்கமாகியிருக்கிறது. எதைப் பற்றி?

ஏப்ரல் 17, வியாழன்

5.40. ஆறாவது. பனங்கிழங்கு விற்கும் கிழவர். படிக்க முடியவில்லை. இன்னும் ஒன்று.

ஏப்ரல் 19, சனி

சங்கரி தானாகவே கேட்டாள், கீரை ஆய்ந்துகொண்டே.

"யாரையும் திட்டி எழுதிட்டீகளா?"

"ஏன்?"

"நீங்க செல்வினப் பத்தி மொட்டக் கடுதாசி போட்ட வருஷமும் இப்படித்தான் இருந்தீக. பேப்பரப் பிடுங்குனீக, ராத்திரி எந்திரிச்சு தண்ணி குடிச்சீக."

"அது நான் போட்டதுன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல" என்றாள். "அதான் சொல்லுதேன், யாரும் சொல்லல. நான் பதினோரு வருஷமா சொல்லாமத்தான் இருக்கேன்."

கீரைத் தண்டுகளை முறத்தில் தட்டிவிட்டு எழுந்து போனாள். அவளுக்குத் தெரியும் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 23, புதன்

நாளை.

சிலிண்டர் மாற்றினேன். மின் கட்டணம் கட்டினேன். மூன்று விடைத்தாள் கட்டு திருத்தினேன். திரும்பிப் பார்த்தால் ஒரு தாளில் மொத்தத்தைக் கூட்டாமலே விட்டிருக்கிறேன்.

நான்கு மணிக்குச் சர்வரைத் திறந்தேன். அந்தக் கோப்பின் பெயரில் கர்சரை வைத்தேன். திறந்து படிக்க ஒரு சொடுக்கு. நீக்க ஒரு சொடுக்கு. நீக்கிவிட்டு, வட்டு பழுதாகிச் சில கோப்புகள் போய்விட்டன, மன்னிக்கவும் என்று திரட்டியில் ஒரு அறிவிப்புப் போட்டால் நம்புவார்கள். பன்னிரண்டு பேரும் நம்புவார்கள். ஒன்பது வருடத்தில் நான் அவர்களிடம் சம்பாதித்தது அதுதான்.

செல்வினைப் பற்றி அவர்களிடம் புலம்பியிருக்கிறேன். பதிப்பகத்தைப் பற்றிப் புலம்பியிருக்கிறேன். யாரும் சலித்துக்கொண்டதில்லை. நாளைக்கு 5.40க்குப் பிறகு அந்தப் பக்கத்தைக் காபியோடு திறக்க முடியுமா? அது போய்விட்டால் எனக்கு மிச்சம் என்ன? கல்லூரியில் ஒரு நாற்காலி, அதுவும் ஆறு வருடத்துக்கு.

ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு மூடினேன். நேர்மை என்று இங்கே எழுதலாம். நேர்மை இல்லை. திறக்காதவரை அதில் வேறு ஏதாவது எழுதியிருக்கலாம் என்பதுதான்.

ஏப்ரல் 24, வியாழன்

5.40க்கு வந்தது. தலைப்பு: 'மே மாத வருகைப் பதிவு'. அடுத்த மாதம் அவள் முறை. பத்து நாள் முன்னதாகவே போட்டிருக்கிறாள்.

முக்கியமான இடங்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

'இந்தப் பதிவு முதலில் ஒரு வரியாக இருந்தது. "கேட் மூடியாகிவிட்டது. காத்திருந்த எல்லோருக்கும் நன்றி." அவ்வளவுதான். மார்ச் 3ஆம் தேதி எனக்கு ஒரு பின்னூட்டம் வந்தது. என் மின்னஞ்சலுக்கும் அதன் நகல் வரும் என்பதால் அப்படியே தருகிறேன்:

"கேட் கீப்பர் வேலையா, கதை எழுதுகிற வேலையா? பணி நேரத்தில் போனில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த இணைப்பைக் கோட்ட அலுவலகத்துக்கு அனுப்பினால் வாரிசு வேலை என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?"

அன்று நான் ரொம்பப் பயந்தேன். நான் பணி நேரத்தில் எழுதியதில்லை. ஆனால் அதை யார் நம்புவார்கள்? மகளுக்குப் பரீட்சை. எங்கள் கேட்டையும் பத்தாம் தேதியோடு மூடப் போகிறார்கள் என்று தெரிந்திருந்தது. கையிலிருந்த ஏழு பதிவுகளையும் ஏற்றிவிட்டு, கடைசியாக அந்த ஒரு வரியையும் வைத்துவிட்டு, எழுதுவதையே விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

பன்னிரண்டாம் தேதி வேறு ஸ்டேஷனில் வேலை கொடுத்தார்கள். பாயிண்ட்ஸ்மேன், அதாவது தண்டவாளத்தை மாற்றிவிடும் வேலை. குடை, டார்ச் எல்லாம் அங்கே கொடுப்பார்கள். வேலையில் சேரும்போதே மேலதிகாரியிடம் நானே போனைக் கொடுத்து, சார், நான் இப்படி எழுதுகிறேன், தப்பா என்று கேட்டேன். அவர் நின்றபடியே இரண்டு பதிவு படித்தார். டூட்டி முடிஞ்சுதானம்மா எழுதுறே என்றார். ஆமா சார் என்றேன். அப்புறம் என்னம்மா, போய் வேலயப் பாரு என்றார்.

மறுநாள் அந்தப் பின்னூட்டத்தை வெளியிட்டு அடியில் பதில் எழுதலாம் என்று மகளின் போனில் பக்கத்தைப் பார்த்தேன். அது அங்கே இல்லை. அழிக்கப்பட்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. என் போனை அணைத்தேன். ஒரு மாதம் யாரிடமும் பேசவில்லை.'

இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். திரும்பப் படித்தேன்.

அவள் பக்கத்தில் ஒரு பின்னூட்டத்தை அழிக்க இருவரால்தான் முடியும். அவளால். சாவி வைத்திருப்பவனால்.

மூன்று வரி எழுதியபோது நான் அனானியாகத்தான் இருந்தேன். உலகத்தில் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. பயந்து போய் அதை அழித்தேன் பாருங்கள், அன்றுதான் அதன் கீழே என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். மார்ச் 13 முதல் அவளுக்குத் தெரியும். நான் அவளுக்காகப் பயந்துகொண்டிருந்த ஒவ்வொரு வியாழனும் அவள் என்னைக் கண்டு பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

கடைசிப் பத்தி:

'கேட் அறையில் ஒரு பதிவேடு உண்டு. வந்த ரயில், போன ரயில், எல்லாவற்றையும் எழுத வேண்டும். எழுதியதை அடிக்கக் கூடாது. அதனால்தான் அந்தப் பின்னூட்டத்தைத் திரும்ப எழுதி வைத்தேன், வேறு எதற்கும் இல்லை. எழுதியவர் யார் என்று தேட வேண்டாம். யார் பெயரையும் நான் கூப்பிடப் போவதில்லை. இது வருகைப் பதிவு. இருப்பவர்கள் வந்து சொன்னால் போதும். எல்லோரும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.'

ஏழு மணிக்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவள் உடனுக்குடன் அனுமதித்துக்கொண்டிருந்தாள். ஜெரால்டு: "உள்ளேன் ஐயா! எவன்லே அந்த அனானி? சைலம் சார், சர்வர்ல பாத்து ஆளப் பிடிங்க சார், ஊரக் கூட்டிருவோம்." அவன் கீழே நான்கு பேர்: "சைலம் சாரால் முடியும்." "சார், கண்டுபிடிங்க." நூருல்லா பாய் மட்டும் தனியாக, எந்தக் குறியும் போடாமல், "உள்ளேன் ஐயா" என்று எழுதியிருந்தார். அவர் ரேடியோ பிரிக்கிறவர். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்பது மணிக்குப் பன்னிரண்டு பேர், அவளையும் சேர்த்து.

கல்லூரிக்கு விடுப்புச் சொன்னேன். சங்கரி காபியை மேஜையில் வைத்துவிட்டு, திரையைப் பார்க்காமல், பக்கத்தில் நின்றாள்.

பின்னூட்டப் பெட்டியைத் திறந்தேன். பெயர்க் கட்டத்தில் எப்போதும்போல என் பெயர் தானாகவே வந்து நின்றது: சிவசைலம். மார்ச் 3ஆம் தேதி அதைத்தான் முதலில் அழித்தேன். இன்று விட்டுவிட்டேன்.

'உள்ளேன் ஐயா' என்று எழுதினேன். போதாது என்று தெரிந்தது. அதை எல்லோருமே எழுதியிருக்கிறார்கள். கீழே சேர்த்தேன்: 'அந்த அனானி நான். அழித்ததும் நான்.'

அனுப்பினேன்.

'உங்கள் பின்னூட்டம் அனுமதிக்காகக் காத்திருக்கிறது' என்று வந்தது. நான் சாவி வைத்திருப்பவன். நானே அனுமதித்துக்கொள்ளலாம். நானே எடுத்துவிடலாம். இப்போது மணி 9.25. இரண்டையும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறேன். காபி ஆறிவிட்டது. சங்கரி போகவில்லை.

கேட் மூடியிருக்கிறது. இந்தப் பக்கம் நிற்கிறேன்.